குப்பமே விழுந்த ஞாயிற்றுக்கிழமை

வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பழவேற்காட்டில் இருக்கும் ஒரு சின்ன அறக்கட்டளை சம்பளம் கொடுக்கிறது. மாத்திரை போட்டார்களா என்று பார்க்க வேண்டும், ரத்த அழுத்தம் பார்த்து எழுத வேண்டும், கால் நகம் வெட்டிவிட வேண்டும். மகன் போன் செய்தானா என்று கேட்டு, முகம் வாடினால் உடனே மீன் விலைக்குப் பேச்சை மாற்ற வேண்டும். ஓடுவது இந்த வேலையில் கிடையாது. அதை நம்பித்தான் சேர்ந்தேன். நான் பிறந்தது சுண்ணாம்புக்குளம் பக்கம், நெல் விளைகிற ஊர். வரப்பில் நடப்பேன். மணலில் ஓடுவது இந்தக் குப்பத்துக்குக் கல்யாணமாகி வந்து இருபது வருஷமாகியும் எனக்கு வரவில்லை.

போன வருஷம் மழைக்காலம் முடிந்ததும் பெட்டிகள் வந்தன. சோப்பு டப்பா அளவு, வெள்ளை நிறம், ஒரு பச்சை விளக்கு. சென்னையில் ஒரு கம்பெனி செய்தது. தனியாக இருக்கும் வயதானவர்கள் வீட்டில் சுவர் மூலையில் மாட்டிவிட்டால், யாராவது கீழே விழுந்தால் அது கண்டுபிடித்துவிடும் என்றார்கள். போட்டோ எடுக்காது, ஆளின் உருவத்தை மட்டும் பார்க்கும், எல்லாம் ஏஐ என்றார்கள். எங்கள் ஊரில் அது 'ஏய்' என்று காதில் விழுந்து, அன்று சாயங்காலத்துக்குள் 'ஏய் பொட்டி' ஆகிவிட்டது. பத்து வீட்டுக்குப் பத்துப் பெட்டி. விழுந்தவர் வீட்டில் பெட்டி பேசும். அதே நேரம் என் போனில் சைரன் அடிக்கும்.

முதல் சைரன் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அடித்தது. நான் ரசம் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தேன். போட் இன்ஜின் ரிப்பேர் செய்யும் என் கணவர், எந்த இன்ஜின் இப்படிக் கத்துகிறது என்று வாசலுக்கு ஓடினார். நான் கையைக்கூடக் கழுவாமல் கிளம்பினேன். ஒரு செருப்பு பாதி வழியில் மணலோடு நின்றுவிட்டது.

பெட்டி கூப்பிட்டது, குப்பத்தின் கடைசி வீட்டில் இருக்கும் மாமாவுக்காக. என் கணவருக்குத் தூரத்து உறவு என்பதால் எனக்கு மாமா. ஐம்பது வருஷம் கடலுக்குப் போனவர், மனைவி இறந்த பிறகு தனியாக இருந்தார். ஒரு நாளைக்கு ஆறேழு வார்த்தைக்கு மேல் செலவழிக்க மாட்டார். நான் உள்ளே நுழைந்தபோது சிமென்ட் தரையில் மல்லாந்து கிடந்தார். மேலே பெட்டி செய்தி வாசிப்பவர் குரலில், "நீங்கள் கீழே விழுந்துள்ளீர்கள். உதவி வந்துகொண்டிருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அந்த உதவி நான்தான். ரசம் ஒட்டிய கையோடு அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன்.

மாமா ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"இன்னாமே, யாராச்சும் பூட்டாங்களா?"

யாரும் சாகவில்லை மாமா என்றேன்.

"அப்ப நா தூங்கட்டா?"

விஷயம் இதுதான். அந்தப் பெட்டி எங்கேயோ கட்டிலும் சோபாவும் இருக்கிற வீடுகளைப் பார்த்துப் படித்துவிட்டு வந்திருந்தது. அங்கே தரையில் ஆள் கிடந்தால் விழுந்துவிட்டார் என்று அர்த்தம். எங்கள் குப்பத்தில் கட்டில் என்பது அரிசி மூட்டையும் மடித்த வலையும் போன பொங்கலுக்கு வாங்கிய புது மிக்ஸியும் படுத்துக்கொள்ளும் இடம். மனிதர்கள் தரையில்தான் சாப்பிடுவார்கள், தூங்குவார்கள், இறால் உரிப்பார்கள், சண்டை போடுவார்கள். பெட்டியின் கணக்கில் ஊரே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தொப்பென்று விழுந்து, நாலு மணிக்கு எழுந்து டீ குடித்தது.

அடுத்த பத்து நாளும் நான் ஓடினேன். ஒரு வீட்டில் கட்டிலுக்கு அடியில் கம்மலின் திருகாணியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு வீட்டில் ஆள் இல்லை, ஆடு படுத்திருந்தது. மாதா கோயில் பாடற்குழுவில் முன்பு பாடிய ஒரு அம்மா வீட்டில் நடந்ததுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருக்கிறது. முழங்காலிட்டு, பிறகு நெற்றி தரையில் படக் குனிந்து, ரொம்ப நேரம் உருக்கமாக ஜெபம் செய்திருக்கிறார். அப்போது மேலேயிருந்து குரல் வந்திருக்கிறது, உதவி வந்துகொண்டிருக்கிறது என்று. அவருக்குக் கொஞ்சம் காது மந்தம். பெட்டி ஞாபகமே வராமல், கண்ணை மூடியபடியே ஆமென் சொல்லிக் காத்திருந்தார். கதவைத் தள்ளிக்கொண்டு மூச்சு வாங்க நான் போய் நின்றேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தபோது அந்த முகத்தில் வந்த ஏமாற்றம் மாதிரி என்னைப் பார்த்து யாரும் எப்போதும் ஏமாந்தது இல்லை.

அறக்கட்டளையில் சொன்னேன். அவர்கள் கம்பெனியில் சொன்னார்கள். கம்பெனியிலிருந்து, பெட்டி போகப் போகக் கற்றுக்கொள்ளும், பொறுமையாக இருங்கள் என்று பதில் வந்தது. அது கற்றுக்கொள்ளும் வரைக்கும் ஓடுவது யார் என்று அவர்கள் சொல்லவில்லை. எனக்கு இடுப்புச் சுற்றளவு குறைந்தது. என் கணவர் பெட்டி நல்ல பெட்டி என்றார்.

இதற்கு நடுவில்தான் நண்டுக்கார அத்தை விழுந்தார். நிஜமாகவே.

அத்தைக்கு அறுபத்தெட்டு வயது. நண்டு விற்பதை நிறுத்திவிட்டாலும் ஏரியிலிருந்து வரும் நண்டுக்குக் கொடுக்கு கட்டிக்கொடுக்கிற வேலை இன்னும் செய்கிறார். அன்று காலை வீட்டுக்குள் ஈரத் தரையில் கால் வழுக்கி, பின்பக்கமாகப் போய் நண்டு வைத்திருந்த பெரிய பிளாஸ்டிக் டப்புக்குள் உட்கார்ந்த வாக்கில் விழுந்து மாட்டிக்கொண்டார். காலும் கையும் வெளியே, மற்றதெல்லாம் உள்ளே. எழுந்திருக்க முடியவில்லை. பெட்டி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. பச்சை விளக்கு நிம்மதியாக எரிந்தது. ஏனென்றால் அதன் படிப்பில் அத்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அரை மணி நேரம் அத்தை அந்தப் பெட்டியைத் திட்டியிருக்கிறார். அதற்குப் பேச மட்டும்தான் தெரியும், கேட்கத் தெரியாது. கடைசியில் தண்ணீர்க் குடத்தோடு போன பக்கத்து வீட்டுப் பெண் காதில் விழுந்து, அவள் இன்னொருத்தியையும் கூப்பிட்டு, இரண்டு பேராக டப்பைக் கவிழ்த்து அவரை எடுத்தார்கள். நல்லவேளை, டப்பில் இருந்த நண்டெல்லாம் கொடுக்கு கட்டி முடித்த நண்டு. நான் போய்ப் பார்த்தபோது எலும்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் கொதித்துக்கொண்டிருந்தது. தூங்கினவனுக்கெல்லாம் ஊரைக் கூட்டும், விழுந்தவளை வேடிக்கை பார்க்கும், இதற்கு எதற்குச் சுவர் என்று கேட்டார்.

அந்த வாரமே வலைக் கொட்டகையில் ஊர்க்கூட்டம் இருந்தது. அங்கே எப்போதும் பேசுவது பாடு பற்றித்தான். ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை போடுவது என்று சீட்டு எழுதி முறை வைத்துக்கொள்கிறோமே, அதற்குப் பெயர் பாடு. ஆம்பளைகள் உட்கார்ந்து பேசுவார்கள், பொம்பளைகள் ஓரமாக நின்று கேட்பார்கள். அன்று அத்தை நேராக நடுவில் போய் உட்கார்ந்துவிட்டார். இடுப்பு வலிக்கிறது, நிற்க முடியாது என்றார். ஊர்த் தலைவர் நகர்ந்து இடம் விட்டார்.

கம்பெனியிலிருந்தும் ஒருவர் வந்திருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, தேய்த்த சட்டை, பளபளவென்று ஷூ. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஷூவைக் கழற்றி மணலைக் கொட்டுவார், மறுபடி மாட்டுவார். நல்ல மனுஷர்தான். எங்கள் ஆபீசில் இதற்கென்றே ஒரு அறை இருக்கிறது, மெத்தை போட்டிருக்கிறோம், சம்பளத்துக்கு ஆள் வைத்து விதவிதமாக விழச்சொல்லி அதைப் பார்த்துத்தான் பெட்டி கற்றுக்கொண்டது என்று விளக்கினார்.

அத்தை, அப்படி விழுகிறவர்களுக்கு என்ன வயது என்று கேட்டார். இருபது, இருபத்தைந்து என்றார் அவர். அவர்களில் யாராவது நண்டு டப்பில் விழுந்திருக்கிறார்களா என்று கேட்டார். அவர் ஷூவைக் கழற்ற ஆரம்பித்தார்.

"எங்கள வச்சிக் கத்துக்கினு போ சார்," என்றார் அத்தை. "எது வுழுறது, எது ஒக்கார்றதுனு நாங்க சொல்றோம், நீ எழுதிக்கோ. ஆனா ஆம்பளைங்க மட்டும் சொல்றது கெடையாது. பத்து பொட்டில ஏழு பொட்டி பொம்பளைங்க வூட்ல கீது."

தலைவர் கழுத்தைச் சொறிந்துகொண்டு, வலை விஷயம் இல்லையே, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். எங்கள் ஊரில் பொம்பளைகள் கை தூக்கி ஓட்டுப் போட்ட முதல் கூட்டத்துக்கு இப்படித்தான் வழி பிறந்தது. அதற்குக் காரணம் ஒரு டப் என்பதை அத்தை இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்ததும் ஊரே கொட்டகைக்கு வந்தது. கம்பெனிக்காரர் நடுத்தூணில் ஒரு பெட்டியை மாட்டினார். கீழே பழைய வலைகளைக் குவித்து மெத்தை மாதிரி போட்டிருந்தோம். ஒவ்வொருவராக வந்து செய்துகாட்ட, அது விழுந்ததா இல்லையா என்று ஊர் கை தூக்கிச் சொல்ல வேண்டும். இதில் பதிவாவது எதற்குப் பயன்படும், வேண்டாம் என்றால் எப்படி அழிக்கச் சொல்வது என்று கலந்துகொள்கிற ஒவ்வொருவருக்கும் கம்பெனிக்காரர் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். யார் முதலில் விழுவது என்று உடனே தகராறு வந்தது. எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி பாடுதான். சீட்டு எழுதிக் குலுக்கினார்கள். நாலாவது சீட்டு விழுந்தவர், எளாவூரில் கல்யாணம் இருக்கிறது, நான் முதலில் விழுந்துவிட்டுப் போகிறேன் என்று கெஞ்சினார். பாடு என்றால் கெஞ்சல் கிடையாது என்று தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

சீட்டுப்படி முதலில் பாடற்குழு அம்மா வந்து உட்கார்ந்து காட்டினார். முழங்கால் வலி இருப்பவர்கள் உட்காருவதைப் பார்த்திருப்பீர்கள். சுவரைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, கடைசி அரை அடியில் இனி ஆவது ஆகட்டும் என்று உடம்பை விட்டுவிட்டு, "யப்பா" என்பார்கள். கம்பெனிக்காரர் தன் கணினியைப் பார்த்துவிட்டு, வேகத்தைப் பார்த்தால் இது விழுந்த மாதிரிதான் இருக்கிறது என்றார். ஊர் கை தூக்கியது. உட்கார்ந்ததுதான் என்று ஒருமனதாக முடிவானது. அந்த 'யப்பா'வையும் சேர்த்து எழுதிக்கொள்ளச் சொன்னார்கள்.

அடுத்து ஒருவர் குடித்துவிட்டு விழுவது எப்படி என்று காட்டினார். அவர் அதை மிகவும் கௌரவமாக, கண்ணைக்கூட மூடாமல், கப்பல் சாய்வது போலச் செய்தார். ஆம்பளைகள் இது விழுந்ததில் சேராது, படுக்கப் போகிற வழிதான் என்றார்கள். பொம்பளைகள் எல்லாரும் விழுந்ததுதான் என்று கை தூக்கினார்கள். எண்ணிப் பார்த்ததில் பொம்பளைகள் அதிகம். ஆம்பளைகள் முகம் தொங்கிப்போனது. கம்பெனிக்காரர் பெட்டியைச் சரிசெய்ய ஒரு ஸ்டூலில் ஏறினார், ஸ்டூல் மணலில் புதைந்து சாய்ந்தது, அவரும் சாய்ந்தார். அவர் எழுந்திருப்பதற்குள் கொட்டகையில் இருந்த அத்தனை கையும் மேலே போயிருந்தது. ஆம்பளை பொம்பளை இரண்டு பக்கமும் ஒற்றுமையாக எடுத்த முடிவு அது.

பிறகு என் சீட்டு வந்தது. எனக்குக் கொடுத்த வேலை, தலைசுற்றி மெதுவாகச் சரிவது. எப்படிச் சரிவது என்று வீட்டில் அலமாரிக் கண்ணாடி முன்னால் இரண்டு நாள் பழகியிருந்தேன். நெற்றியில் கை வைத்துக்கொண்டு அழகாக நடந்து வந்தேன். வலைக் குவியலுக்கு நாலு அடி இருக்கும்போது கால் கட்டைவிரல் ஒரு வலைக் கண்ணியில் மாட்டியது. எனக்கு நெற்றியிலிருந்து கையை எடுக்கக்கூட நேரமில்லை. வலைக் குவியலை எட்டாமல் ஒரு பக்கமாக எகிறி, வெறுந்தரையில் இடுப்பு அடிபட விழுந்தேன். கண்ணில் பூச்சி பறந்தது.

கொட்டகையில் எல்லாரும் கைதட்டினார்கள்.

நான் வலிக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. தலைவர் ஓட்டுக்கு விட்டார். தலைசுற்றி விழுகிறவர்கள் இப்படி எகிற மாட்டார்கள், இது ரொம்ப ஜாஸ்தி நடிப்பு என்று ஒருவர் சொன்னார். கை கூடவா நெற்றியில் இருக்கும் என்றார் இன்னொருவர். என் கணவரும் அதற்குத் தலையாட்டினார். அதைத் தரையிலிருந்து பார்த்தேன். இது விழுந்தது ஆகாது என்பதற்குக் கைகள் எழுந்தன, எண்ணினார்கள், பெரும்பான்மை. கம்பெனிக்காரர் அதை எழுதிக்கொண்டார். நான் விழவில்லை என்று சட்டப்படி முடிவாகிவிட்டது. இடுப்பு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

அப்போது பின்னால் தூணில் சாய்ந்திருந்த மாமா பேசினார். அன்று அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசாதவர்.

"அவளக் கேளுங்கடா."

எல்லாரும் திரும்பினார்கள்.

"வுழுந்தாளா இல்லியானு அவளக் கேட்டீங்களா? ஊரே கை தூக்கினா அவ வலி பூடுமா?"

அத்தைதான் முதலில் ஓடிவந்தார். என்னைத் தூக்கி உட்காரவைத்தார்கள். நிஜமாகவே விழுந்துவிட்டேன் என்று சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. வலியா, கோபமா என்று தெரியவில்லை. என் கணவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு என் கண்ணைப் பார்க்காமல் நின்றார். பெட்டியும் அவ்வளவு நேரம் சும்மாதான் இருந்தது என்பதை அப்போதுதான் கவனித்தார்கள். நான் விழுந்த இடம் அதன் பார்வைக்கு வெளியே.

கம்பெனிக்காரர் எழுதியதை அடித்துவிட்டு மாமாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இந்த முறை ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டே போனார். விழுந்தவரையே பெட்டி முதலில் கேட்கட்டும் என்கிறீர்களா என்று கேட்டார். மாமா ஆமாம் என்றார். நீங்கள் விழுந்துவிட்டீர்கள் என்று அது விழுந்தவருக்குச் சொல்லக்கூடாது, விழுந்தீர்களா என்று கேட்க வேண்டும். அவர் யாரையும் கூப்பிடாதே என்றால் கூப்பிடக்கூடாது. வாய் பேச முடியாமல் கிடந்தால் கூப்பிடலாம். இதையெல்லாம் அவர் சொன்னபோது, இந்த மனுஷனுக்கு இவ்வளவு வார்த்தை எங்கே இருந்தது என்று நான் வலியிலும் ஆச்சரியப்பட்டேன்.

கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று கம்பெனிக்காரர் கேட்டார். பத்து விநாடி போதுமா என்றார்.

"லுங்கி அவுந்து கெடக்கும்," என்றார் மாமா. "அத்தக் கட்டிக்கினு ஒக்கார்ற வரைக்கும் ஒருத்தரும் வரக்கூடாது."

யாரும் சிரிக்கவில்லை. கொஞ்சம் கழித்து எல்லாரும் சிரித்தார்கள், மாமாவும்தான். அதற்குப் பிறகு அதை நிஜமாகவே அளந்தார்கள். மாமா வலையின் மேல் படுத்து, புரண்டு, உட்கார்ந்து, லுங்கியைத் தளர்த்தி மறுபடி இறுக்கிக் கட்டினார். உள்ளே ஒரு அரைக்கால் சட்டையை முன்யோசனையோடு போட்டுக்கொண்டு வந்திருந்தார். கம்பெனிக்காரர் போனில் நேரம் பார்த்தார். உடனே பொம்பளைகள் எழுந்தார்கள். லுங்கிக்கு அவ்வளவு நேரம் என்றால் புடவைக்கு எவ்வளவு? கொசுவம் இருக்கிறது, மாராப்பு இருக்கிறது. பாடற்குழு அம்மா கொடுத்த கணக்கில் டீ ஆறிப்போய்விடும். பேசிப் பேசி இரண்டு நிமிஷம் என்று நின்றது. துக்க வீட்டில் எல்லாரும் தரையில் விழுந்து அழுவார்கள், அன்றைக்குப் பெட்டியின் மேல் துண்டு போட்டு மூடலாம், வேறு எந்த நாளிலும் யாருக்கு வேண்டாமோ அவர்கள் மூடலாம், ஏன் மூடினாய் என்று யாரும் கேட்கக்கூடாது என்பதும் அன்றே தீர்மானமானது.

கடைசியாகக் குரல். செய்தி வாசிக்கிறவர் வேண்டாம் என்றார்கள். தலைவர் தன் குரல் கொடுக்கத் தயாராகத் தொண்டையைச் செருமினார். அத்தை, எப்படியும் ஓடி வரப்போவது இவள், இவள் குரலே இருக்கட்டும் என்று என்னைக் காட்டினார். இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டே, கோழிச் சத்தம் ஓயும் வரை காத்திருந்து, "இன்னா, வுழுந்துட்டீங்களா? நா வரட்டுமா?" என்று பதிவு செய்து கொடுத்தேன். முதல் தடவை குரலில் கோபம் தெரிகிறது என்று மறுபடி எடுத்தார்கள்.

இரண்டு மாதம் கழித்துப் புதுப் பெட்டிகளோடு கம்பெனிக்காரர் வந்தார், ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு. கூடவே ஒரு தாள். நாங்கள் கேட்டதில் எதைச் செய்தார்கள், எதைச் செய்யவில்லை, ஏன் என்று கொட்டகையில் படித்துக் காட்டினார். தரையில் தூங்குவது, யப்பா, டப், இரண்டு நிமிஷம், துண்டு எல்லாம் ஆகிவிட்டது. பதிலைக் கேட்கவும் பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆட்டை மட்டும் இன்னும் சில நேரம் ஆளாக நினைக்கிறது, மன்னிக்கவும் என்றார். குடித்து விழுகிறவரையும் குடிக்காமல் விழுகிறவரையும் பெட்டியால் பிரித்துப் பார்க்க முடியவில்லை, இருவரிடமும் ஒரே மாதிரி கேட்கும் என்றபோது பொம்பளைகள், அதைத்தான் நாங்களும் கேட்டோம் என்றார்கள்.

ஒரு காலையில் சைரன் அடித்தது. மாமா வீடு. இந்த முறை ஓடவில்லை, வேகமாக நடந்தேன். அவர் சுவரில் சாய்ந்து, கட்டின லுங்கியோடு, போட்டோ எடுக்க வந்தவர்களுக்குக் காத்திருப்பது போல உட்கார்ந்திருந்தார். இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. பெட்டி என் குரலில் கேட்டதாம். இரு என்றாராம். இருந்ததாம். ஒரு கையாலேயே லுங்கியைக் கட்டி முடித்துவிட்டு, எழுந்திருக்கப் பார்த்து முடியாமல், சரி கூப்பிடு என்றாராம். மெலிசான எலும்பு முறிவு. ஆட்டோவில் பொன்னேரிக்கு அழைத்துப்போய்க் கட்டுப்போட்டுக் கொண்டுவந்தோம். ஆட்டோவில் அவர் சொன்னது ஒன்றுதான்: உன் குரல் பெட்டியில் இன்னும் கொஞ்சம் மரியாதையாக இருக்கிறது.

ஆறு மாதம் முடிந்து, யார் யாருக்குப் பெட்டி வேண்டும் என்று கேட்க மறுபடி கூட்டம் போட்டார்கள். ஒன்பது வீடு வைத்துக்கொள்கிறோம் என்றது. நண்டுக்கார அத்தை தன் பெட்டியைக் கழற்றித் துடைத்து, துணியில் சுற்றிக் கையோடு கொண்டுவந்திருந்தார். கம்பெனிக்காரர் திகைத்துப்போனார். இவ்வளவும் நடந்தது உங்களால்தானே அம்மா என்றார்.

"அது சரியா இருக்கணும்னு சொன்னேன். எனக்கு வோணும்னு சொல்லல," என்றார் அத்தை. "நா திட்டுனா திருப்பித் திட்டணும். அதான் எனக்குத் தொணை. இது கேட்டுக்கினு கம்முனு கீது."

கம்பெனிக்காரரின் படிவத்தில் காரணம் எழுத ஒரே ஒரு கோடுதான் இருந்தது. அத்தை சொன்னதை அப்படியே, பின்பக்கமும் திருப்பி எழுதிக்கொண்டார். அதனால் இப்போது தினமும் நாலு மணிக்கு நான் அத்தை வீட்டுக்குப் போகிறேன். அவர் என்னைத் திட்டுவார், நான் திருப்பிச் சொல்வேன், இரண்டு பேரும் டீ குடிப்போம்.

அன்று கம்பெனிக்காரர் கிளம்பும்போது அத்தை ஆறு நண்டை ஒரு கட்டைப்பையில் போட்டுக் கொடுத்தார். தனியாக வேறு பை இல்லாததால் பெட்டியும் அதே பையில் நண்டுகளோடு சென்னைக்கு பஸ் ஏறியது. சாயங்காலம் எனக்கு அவரிடமிருந்து போன் வந்தது. தண்ணீர் கொதிக்கிறது, வீட்டில் எல்லாரும் அடுப்படிக்கு வெளியே நிற்கிறார்கள், கொடுக்குக் கட்டை அவிழ்த்துவிட்டுப் போடுவதா, கட்டோடு போடுவதா என்று கேட்டார். பக்கத்தில் இருந்த அத்தையிடம் போனைக் கொடுத்தேன். அத்தை ரொம்ப நேரம் சிரித்துவிட்டு, கட்டோடவே போடு சார் என்றார்.